ப்ரோ

விளையாட்டுக் கந்தோரில் எனக்கிருந்த வேலை
வருகைப் பதிவேடு எழுதுவது.
இங்கிலீசு கொஞ்சம் வரும் என்று வாய்தவறிச் சொன்னதில்
டென்மார்க்காரர் ஒருவருக்கு நாக்கானேன்.

பெயர் ப்ரேபன். வயது அறுபத்தொன்று.
கழுத்தென்று தனியாக ஒன்றில்லை,
தோளிலிருந்து நேரே தலை.
இடக்காது நசிந்து சுருண்டு
சட்டியில் ஒட்டிப்போன அப்பம்.
பௌர்ணமியன்று தோணியில் ஏற்றிப்போய்
தண்ணீருக்குள் துடுப்பை இறக்கி
மீன் பாடுவதைக் கேளுங்கள் என்றோம்.
துடுப்பு நுனியில் அவர் வைத்தது
அந்தக் காதை.
"நல்ல பாட்டு" என்றார், மரியாதைக்கு.

விசாப் படிவத்தில் வாழ்க்கைக் குறிப்புக்கு
அரைப்பக்கம் விட்டிருந்தார்கள்.
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
சீனிக்கிழங்கு ஆலை ஊர். தகப்பன் கிழங்கு லொறி ஓட்டினார்.
பதினொரு வயதில் மெத்தையில் இறங்கியது.
எழுபத்தொன்பதில் ஒரு அரையிறுதி,
எதிரே ருமேனியாக்காரன்,
நாற்பது விநாடி.
பிறகு மஸ்கட்டில் பதினான்கு வருடம் பயிற்றுநர்.
மணமுறிவு ஒன்று.
கடல் வந்த வருடம் கூடாரம் அடிக்க இங்கே வந்து
போய்
பென்சன் எடுத்ததும் திரும்பி வந்தது.

"அரையிறுதியில் தோற்றார் என்று போடவா?"
"தோற்றது யாருக்கு வேணும்.
இரண்டு தோளும் தரை தொட்டது என்று எழுது.
ஒன்று தொட்டால் பரவாயில்லை."

காத்தான்குடியில் ரிஃப்கானின் வாப்பா
கடனுக்குத் தந்த பஞ்சுமெத்தை எட்டு.
மேலே லொறிப் படங்கு, சுற்றிவரத் தையல்.
மழைக்கு அது நாறும். வெயிலுக்கு முதுகை உரிக்கும்.
அதில்தான் கல்லடிப் பிள்ளைகள் பதினேழு பேர்
ஒருவரையொருவர் தூக்கிப் போட்டார்கள்.
தூக்கிப் போடுவதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

யாராவது அடியில் மாட்டிக்கொண்டால்
இங்கிலீசு அவரை விட்டு ஓடிவிடும்.
முழங்காலில் விழுந்து, முகம் சிவந்து
"ப்ரோ! ப்ரோ!" என்று கத்துவார்.
பெடியளுக்குப் புளுகம்.
வெள்ளைக்காரர் நம்மைத் தம்பி என்கிறார்.
நிதுர்சனாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்,
அவள் திருத்தவில்லை.
மாவட்ட அறிக்கையில் நானும் எழுதினேன்:
பயிற்றுநர் வீரர்களுடன் சகோதரத்துவத்துடன் பழகுகிறார்.

சாய்ந்த கோயில் கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம்
சைக்கிளை நிறுத்துவார்.
கடல் தள்ளியும் விழாமல் நிற்கிறதே என்று
நான் பக்தியாக விளக்கத் தொடங்கினால்
கையால் அமர்த்துவார்.
"ஒரு தோள்கூடப் படவில்லை. புள்ளி இல்லை."

கொழும்பில் நிதுர்சனாவுக்கு வந்தது இராணுவ அணிப் பெண்,
கை ஒவ்வொன்றும் உலக்கை.
முதல் நிமிடத்திலேயே இவள் அடியில்.
"ப்ரோ!" என்று அவர் அலற
அடுத்த வரிசையில் சிரித்தார்கள்.
அவள் குதியை ஊன்றினாள்,
உச்சந்தலையை ஊன்றினாள்,
இடையில் உள்ளதெல்லாம் மேலே எழும்பி வளைந்தது.
அந்த வளைவின் மேல் முழுப் பாரத்தோடு மற்றவள்.
நான் விநாடி எண்ணினேன். நாற்பது கடந்தபின்
எண்ண மனம் வரவில்லை.
புள்ளியில் தோற்றாள்.
தோள் படவில்லை.
அவர் வெளியே போய் வெறுந்தேத்தண்ணி குடித்தார்,
இரண்டு கப், ஒன்றன்பின் ஒன்று.

இரவு பஸ். விடிய மட்டக்களப்பு.
பழைய இரும்புப் பாலத்தில் நடந்து வந்தோம்.
பிள்ளை முன்னால், கழுத்தில் பாம் பூசிய துவாய்.
பாதியில் அவர் நின்று
காலால் பாலத்தைத் தட்டினார்.
"ப்ரோ" என்றார்.
நான் திரும்பிப் பார்த்தேன், என்னை அழைக்கிறார் என்று.
மறுபடி தட்டினார், இரும்பு கிணுங்கியது.
"எங்கள் பாஷையில் இது.
உங்கள் பாஷையில் என்ன?"

பாலம் என்றேன்.
பாலம், பாலம் என்று சொல்லிப் பார்த்தார்.
அவசரத்துக்குக் கத்த வராது, நீளம் என்றார்.

அறிக்கையை நான் திருத்தவில்லை.
முன்னால் போனவளிடமும் சொல்லவில்லை.